இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு

1

என்னிடம் கேட்டது கட்டுரை. கதை இல்லை.

சென்னையில் ஏதோ கருத்தரங்காம், அதற்கு மலர் போடுகிறார்களாம். மலர்க்குழுச் செயலாளர் திருவண்ணாமலைக்கே பஸ் ஏறி வந்து, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "நிலைத்த வளர்ச்சியிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பிலும் பன்னாட்டு ஒத்துழைப்பு" என்று தலைப்பைச் சொன்னார். ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் நடுவில் ஒரு வாய் காபி குடித்துக்கொண்டார்.

"நிலைத்த வளர்ச்சின்னா என்ன சார்?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நீங்க எழுதணும்" என்றார்.

எழுதினேன். முதல் தொடக்கம் இது:

"இன்று உலக நாடுகள் அனைத்தும் ஒரே கூரையின்கீழ் கூடி—"

கூரை என்று எழுதியதும் எங்கள் வீட்டு ஓடு ஒழுகுவது ஞாபகம் வந்தது. எழுந்துபோய் வாளி வைத்துவிட்டு வந்தேன். இரண்டாவது தொடக்கம்:

"மண்ணும் நீரும் காற்றும் எல்லைகளை அறியா. ஆகவே மனிதனும்—"

மனிதனும் என்ன? மனிதனுக்கு எல்லை நன்றாகத் தெரியும். வரப்பு ஒரு சாண் நகர்ந்தால் வக்கீல் வீட்டுக்குப் போய்விடுகிறான். அடித்தேன். மூன்றாவது:

"பன்னாட்டு ஒத்துழைப்பு என்பது ஒரு குதிரை வண்டி."

இது பிடித்திருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இது உவமையே இல்லை. எனக்கு நிஜமாகவே ஒரு குதிரை வண்டிதான் ஞாபகம் வந்திருந்தது. ஜானி பாஷாவின் வண்டி. அதில் ஏறிய இரண்டு வெள்ளைக்காரர்கள். அத்தோடு கட்டுரை போயிற்று. செயலாளர் மன்னிக்கட்டும்.

[நான் அந்த வண்டியில் இல்லை. எனக்குச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருத்தி ஜானி பாஷாவின் மனைவி பீபி ஜான். இன்னொருத்தி அடி அண்ணாமலையில் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் சந்திரம்மாள். ஜானி பாஷா ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் மனசுக்குள் போய்வந்தவனைப் போலத்தான் எழுதப்போகிறேன். கதை எழுதுகிறவனுக்கு அந்த வெட்கம் கிடையாது.]

2

எழுபத்தொன்பதாம் வருஷம். [எண்பதாகவும் இருக்கலாம். சந்திரம்மாள், "பெரிய மழைக்கு மறு வருஷம்" என்கிறாள். பீபி ஜான், "எங்க மூணாவது பொண்ணு பொறந்த வருஷம்" என்கிறாள். இரண்டையும் ஒட்டவைத்து நானே போட்டது இது.]

ஜானி பாஷாவுக்கு நாற்பது வயதிருக்கும். ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். குதிரைக்கு மினிஸ்டர் என்று பேர். எங்கே கூட்டத்தைக் கண்டாலும் தானாக நின்றுவிடும். யாராவது மாலையோடு வந்தால் கழுத்தை நீட்டும். மற்றபடி நல்ல குதிரை.

ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களைச் செங்கம் ரோட்டில் கொண்டுபோய் விட்டு விட்டே அவருக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் இல்லை. ஆத்மா, அறை வாடகை, வயிற்றுப்போக்கு ஆகிய மூன்றைப் பற்றியும் தடங்கலில்லாமல் பேசக்கூடிய இங்கிலீஷ். அதனால் வண்டி ஓட்டுவதோடு ஒருவர் பேச்சை இன்னொருவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வேலையும் சேர்ந்துகொண்டது.

ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ஜானி பாஷா மாதிரி யாரும் இல்லை. அவர் ஒரு வார்த்தையைக்கூட விட மாட்டார், கூட்ட மாட்டார், மெருகு போட மாட்டார். திட்டினால் திட்டு, இருமினால் இருமல்.

"நான் வண்டிக்காரன். ஏத்தின சரக்க எறக்கணும். வழியில மூட்டைய அவுக்கறது என் வேலை இல்ல" என்பார்.

இவ்வளவு எழுதியபிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்படி ஒரு மனிதன் இருப்பானா? சிரிப்புக்காக நான் ஊதிப் பெரிதாக்குகிறேனோ? பேனாவை மூடிவிட்டு, பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ப் பீபி ஜானைக் கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க கம்மியா எழுதிக்கினு கீறீங்க. எங்க நாத்தனா குர்ஷித் பேகத்தப் பொண்ணு பாக்க ஆந்திராவுலேர்ந்து வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மா, தெலுங்குல, யார்கிட்டயும் இல்லாம தனக்குத்தானே, 'டீயா இது, கழனித் தண்ணி'ன்னு முணுமுணுத்துச்சி. இவரு நேரா சமையக்கட்டுக்கு வந்து, 'டீ கழனித் தண்ணியாம்'னாரு. எங்க மாமியார் சும்மா இருப்பாங்களா? 'அவங்க வூட்டுல அதுகூட கெடைக்காது போலகீது'ன்னாங்க. இவரு திரும்பவும் கூடத்துக்குப் போயி, அதயும் சொல்லிட்டாரு."

"கல்யாணம்?"

"வேற மாப்பிள்ளைதான் பாத்தோம்."

சரி, கதாபாத்திரம் இப்படியே இருக்கட்டும். மேலே போவோம்.

3

அடி அண்ணாமலையில், மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் வந்து சேர ஒரு ஏரி. பெரிய மழையில் அதன் கரை உடைந்தது. உடைப்பை யாரும் அடைக்கவில்லை. அடுத்த மழைக்கு வந்த தண்ணீர் நிற்காமல் ஓடிப்போயிற்று. மதகுக்குக் கீழே இருந்த நிலமெல்லாம் தரிசு. சந்திரம்மாளின் நிலம் மதகுக்கு நேர் கீழே. அவள் புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். போகிறவர்கள் பிறகு பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் பூட்டு போடுவார்கள். அப்படிப் பூட்டிய வீடுகள் அவள் தெருவிலேயே இருந்தன.

இந்த நேரத்தில் அந்த ஏரியைச் சீர்செய்ய இரண்டு வெளிநாட்டு அமைப்புகள் முன்வந்தன. பேர் வேண்டாம். ஒன்று தண்ணீருக்கானது, ஒன்று மரத்துக்கானது. தண்ணீர்க்காரர் டென்மார்க்கிலிருந்து வந்த நீல்ஸ். மிகவும் உயரம், மிகவும் ஒல்லி. ஊர் அவரை "நீலு தொர" என்றது. மரத்துக்காக ஜெர்மனியிலிருந்து வந்தவர் இங்கபோர்க் என்ற அம்மாள். தாட்டியான உடம்பு, கணீரென்ற குரல். அந்தப் பேரைக் கேட்ட ஊர், "இங்க போ"வா, "அங்க போ"வா என்று கொஞ்சநாள் குழம்பிவிட்டு, "இங்கபோ அம்மா" என்று முடிவு செய்தது.

நீல்ஸ் சொன்னது: ஏரியைத் தூர்வார வேண்டும், கரையை உயர்த்த வேண்டும், ஏரிக்குள்ளும் கரைமேலும் ஒரு மரம்கூட இருக்கக் கூடாது, வேர் கரையை ஓட்டை போடும்.

இங்கபோர்க் சொன்னது: மலை மொட்டையாக இருப்பதால்தான் மண் அரித்துவந்து ஏரி தூர்ந்தது, ஆகவே சரிவில், கரையில், ஏரிக்குள், எங்கெங்கும் மரம் நட வேண்டும்.

இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் சிக்கல். ஒன்று சுத்தத் தப்பாக இருந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும்.

இரண்டு பேருக்கும் முதல் வாரத்திலேயே பேச்சு நின்றுவிட்டது. ஆனால் ஏரிக்குப் போக இருந்தது ஜானி பாஷாவின் வண்டிதான். தனித்தனியாகப் போகலாமே என்றால் அதுவும் முடியவில்லை. அம்மாள் மட்டும் ஏறினால் பின்பாரமாகி மினிஸ்டர் அந்தரத்தில் தூக்கப்பட்டு முன்னங்காலை உதைத்தது. நீல்ஸ் மட்டும் முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் ஜானி பாஷாவின் முதுகில் குத்தி, அந்தக் குத்தல் முன்பாரமாகக் குதிரைக்குப் போயிற்று. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வண்டி நேராக நின்றது.

[இதை நான் ஒரு கருத்துக்காகக் கட்டியது என்று நினைக்காதீர்கள். ஜட்காவில் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.]

முதல் சவாரி இப்படிப் போனது.

"அந்த மனிதரைக் கொஞ்சம் காலை மடக்கச் சொல்" என்றார் இங்கபோர்க், இங்கிலீஷில்.

ஜானி பாஷா திரும்பி, ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த நீல்ஸிடம், இங்கிலீஷில், "அந்த மனிதர் கொஞ்சம் காலை மடக்க வேண்டுமாம்" என்றார்.

"இது கால், மடக்குக் குடை இல்லை என்று சொல்."

"கால், மேடம். மடக்குக் குடை இல்லை."

"அப்படியானால் அதை வெளியே தொங்கவிடச் சொல்."

"வெளியே தொங்கவிடணுமாம், சார்."

இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியும், ஜானி பாஷாவைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் அடி அண்ணாமலை வரைக்கும் இங்கிலீஷிலிருந்து இங்கிலீஷுக்கு அவர் துபாஷி வேலை பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் கழுத்தில் சுளுக்கு. பீபி ஜான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள்.

4

ஏரிக்கரையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் தருமன் வேப்பமரத்தடியில் பாய் விரித்து, சோடா வரவழைத்திருந்தார். ஜனம் எல்லாம் வந்திருந்தது. மினிஸ்டர் சந்தோஷமாக நின்றது.

நீல்ஸ் எழுந்து தூர்வாருவது பற்றிப் பேசினார். ஜானி பாஷா சொன்னார். ஜனம் தலையாட்டியது. இங்கபோர்க் எழுந்து மரம் பற்றிப் பேசினார். ஜானி பாஷா சொன்னார். ஜனம் அதே மாதிரி தலையாட்டியது. அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அம்மாள் உட்காரப் போனவர், தன் பக்கத்துக் காற்றைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். ஜானி பாஷா அதையும் ஏற்றி இறக்கினார்.

"இவரப் பெத்த தாயே ஒழுகினாலும் சிமெண்டு பூசி அடைச்சிடுவாருன்னு சொல்றாங்க."

தருமன் எழுந்தார்.

"ஏம்மா, சண்ட ஏரியோட நிக்கணும். இன்னாத்துக்கு அந்தப் புள்ளயப் பெத்தவள இழுக்கற? பாவம், அது எங்கியோ கெடக்குது."

இதை ஜானி பாஷா இங்கிலீஷில் சொல்ல, நீல்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தாயாருக்காக அடி அண்ணாமலை பரிந்து பேசும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தெம்பில் அவரும் ஒன்று சொன்னார்.

"இந்தம்மாவ வுட்டா, படுத்துக் கெடக்கறவன் நெஞ்சுலயும் கன்னு நட்டுடுவாங்கன்னு சொல்றாரு."

பின்வரிசையில் ஒருவன் சிரித்துவிட்டான். அம்மாள், "எதற்குச் சிரிக்கிறான்?" என்றார். ஜானி பாஷா போய் அவனையே கேட்டுவந்து சொன்னார். தருமன் வாய்க்குள்ளேயே, "ஒரே நொகத்துல பூட்ட முடியாத மாடுங்கள வச்சிக்கினு உழ வந்துட்டானுங்க" என்றார்.

"பாய், இதச் சொல்லாதீங்க!" என்று கத்தினாள் சந்திரம்மாள்.

அதற்குள் சொல்லிவிட்டார்.

"எங்களில் யார் மாடு?" என்றார் நீல்ஸ்.

"ரெண்டு பேருமே, சார்" என்றார் ஜானி பாஷா. அம்மாள் பக்கம் திரும்பி, "இப்போ சந்திரம்மா, 'இதைச் சொல்லாதீங்க'ன்னாங்க, மேடம்" என்று அதையும் சேர்த்து இறக்கினார். ஒன்றும் பாக்கி வைக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. சோடா அப்படியே இருந்தது.

5

(இந்த இடத்தில் என் அச்சகத்து நண்பர் குறுக்கிட்டார். "ஒரு ஆம்பளை, ஒரு பொம்பளை, ஒரு ஏரி. காதல் வெச்சிடுங்க. சண்டையில ஆரம்பிச்சாத்தான் நல்லா இருக்கும்" என்றார். அவருக்காக எழுதிப் பார்த்தது:

"மாலை வெயிலில் மலை சிவந்திருந்தது. இங்கபோர்க் திரும்பினாள். நீல்ஸின் நீல விழிகளில்—"

அந்த மாலை நீல்ஸ் செங்கம் ரோட்டு அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். பீபி ஜான் கொடுத்தனுப்பிய ஓமத் தண்ணீரை நம்பலாமா என்று ஜானி பாஷாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். இங்கபோர்க் மலைச்சரிவில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். காதலுக்கு எங்கேயும் இடம் இல்லை. நண்பர் வருத்தப்பட்டார்.)

6

வேலூரில் இருந்து சேதி வந்தது. அப்போது கலெக்டர் ஆபீஸ் அங்கேதானே. ஒரு ஏரிக்கு இரண்டு திட்டம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துப்போய் ஒரே திட்டமாகச் சொன்னால் வேலை ஆரம்பிக்கலாம். இல்லையென்றால் இரண்டும் வேறு ஜில்லாவுக்குப் போய்விடும். ஒரு அதிகாரி நேரில் வந்து, அங்கேயே கேட்டு, அங்கேயே முடிவு செய்வார்.

அதிகாரி வருவதற்கு முன்தினம் மத்தியானம் சந்திரம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே ஜானி பாஷாவின் வீட்டுக்கு வந்தாள். மினிஸ்டருக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருந்தார் அவர்.

"பாய், நாளைக்கி ஒரே ஒரு வார்த்த மாத்திச் சொல்லுங்க."

"எத?"

"எதயாவது. அவங்க சண்ட போட்டா, 'யோசன பண்றாங்க'ன்னு சொல்லுங்க. அந்தாளு கெளம்பிப் போற வரைக்கும் போதும்."

"அது முடியாது, சந்திரம்மா."

"அரிசி மூட்ட எறக்கறீங்க. நாலு அரிசி கீழ சிந்தறதே இல்லியா?"

"சிந்தும். தானா சிந்தினா அது சிந்தினது. நான் சிந்த வச்சா, அது திருட்டு."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"உங்க சரக்கு சுத்தமா எறங்கிடும். என் வூட்டுக்குப் பூட்டு வுழுந்துடும். பெங்களூருலேர்ந்து அவரு காயிதம் போட்டுட்டாரு, 'இந்த ஐப்பசியும் ஏரியில தண்ணி நிக்கலன்னா புள்ளைங்கள இட்டுக்கினு வந்துடு'ன்னு. அங்க போயி சித்தாளா கல்லு தூக்கணும். நாளைக்கி நீங்க நாணயஸ்தரா இருங்க பாய். நல்லா இருங்க."

போய்விட்டாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த பீபி ஜான் ஒன்றுமே பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது அந்த வீட்டில் அபூர்வம். ஜானி பாஷாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. தொழுகைக்குப் போனார். வந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டார்.

7

அதிகாரி ஜீப்பில் வந்தார். கோதண்டராமன் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மனுஷன்தான், ஆனால் போளூரில் இன்னொரு கூட்டம் இருந்தது, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் மொத்தமும் உடைப்புக்குப் பக்கத்தில் நின்றது. தருமன் கையில் மாலைகள். மினிஸ்டர் அவற்றையே பார்த்தது.

"சுருக்கமாக் கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போறீங்களா, இல்லையா?" என்று இங்கிலீஷில் கேட்டார் அதிகாரி.

நீல்ஸ் இங்கிலீஷில் ஆரம்பித்தார். "மரங்களைப் பொறுத்தவரை நான்—"

"பொய்!" என்றார் இங்கபோர்க். இத்தனை நாளில் முதல்தடவையாக, துபாஷி இல்லாமல், நேராக நீல்ஸின் முகத்தைப் பார்த்து. கோபம் தலைக்கேறியதில் இங்கிலீஷ் நழுவி, பாக்கியெல்லாம் ஜெர்மனில் வந்தது. நீல்ஸும் விடவில்லை. அவர் டேனிஷில் ஆரம்பித்தார். அம்மாள் கரையைக் காட்டினார், நீல்ஸ் மலையைக் காட்டினார். அம்மாள் வானத்தைக் காட்டினார். நீல்ஸ் தன் நெஞ்சைத் தொட்டார். ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை.

[பக்கத்துப் பக்கத்து நாடு, அதெப்படிப் புரியாமல் போகும் என்று செயலாளர் கேட்பார். எனக்குத் தெலுங்கு சுமாராகத் தெரியும். கோபமாகப் பேசுகிறவரின் தெலுங்கு ஒரு எழுத்தும் தெரியாது.]

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள்.

"என்னப்பா சொல்றாங்க?" என்று அதிகாரி தமிழில் கேட்டார்.

எல்லாத் தலையும் ஜானி பாஷா பக்கம் திரும்பியது. இதுவரை அவர் ஏற்றாத மூட்டை எதையும் இறக்கியதில்லை. இந்த மூட்டை அவர் வண்டியில் ஏறவே இல்லை. தெரியாது என்று சொல்வதுதான் நியாயம். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எனக்கு—"

சந்திரம்மாள் எதிரே நின்றிருந்தாள். கெஞ்சுகிற முகம் இல்லை அது. நாளைக்கே பஸ் ஏறுவதென்று முடிவு பண்ணிவிட்டவளின் முகம். அவரைப் பார்க்கக்கூட இல்லை. உடைப்புக்குக் கீழே இருந்த தன் தரிசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க" என்றார் ஜானி பாஷா.

[பீபி ஜான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தன் புருஷன் அப்படிச் சொல்லவே இல்லை, இருமினார், அதை ஊர் தப்பாகக் கேட்டது என்கிறாள். "சரின்னுட்டாங்க" என்று கேட்கிற மாதிரி ஒரு மனிதன் எப்படி இருமுவான் என்று கேட்டேன். "சளி ஜாஸ்தியா இருந்தா வரும்" என்றாள். உங்களுக்கு இருமல் பிடித்திருந்தால் இருமலையே வைத்துக்கொள்ளுங்கள்.]

கைதட்டல் எழுந்தது. தருமன் பாய்ந்து வந்து இரண்டு பேருக்கும் மாலை போட்டார். அதிகாரி, "அப்பாடா" என்று கைகுலுக்கி, இரண்டு பேரும் சேர்ந்து விவரம் அனுப்பச் சொல்லிவிட்டு, போளூருக்குக் கிளம்பினார்.

"இவரிடம் என்ன சொன்னாய்?" என்று இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் ஜானி பாஷாவைக் கேட்டார்கள்.

தான் சொன்னதையும் அவர் சரக்காகத்தான் நினைத்தார் போலிருக்கிறது. அப்படியே இங்கிலீஷில் இறக்கினார். "இரண்டு பேரும் சரி சொல்லிவிட்டார்கள் என்று சொன்னேன்."

தான் சரி சொல்லவில்லை என்று நீல்ஸுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மாள் ஜெர்மனில் என்ன சொன்னார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆசிரமத்துக்கு வருகிறவர்களிடமிருந்து வண்டிக்காரன் ஜெர்மனையும் பிடித்திருப்பான், ஒருவேளை அம்மாள்தான் இறங்கி வந்திருக்கிறாரோ. இந்த வண்டிக்காரன் ஒரு வார்த்தைகூட மாற்றாத ஆள் ஆயிற்றே. அம்மாளும் டேனிஷைப் பற்றி அதேதான் நினைத்தார். மாலைக்குள்ளிருந்து ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்த்தார்கள்.

"பெரிய மனசு" என்றார் நீல்ஸ், நேராகவே, இங்கிலீஷில்.

"உங்களுடையதும்தான்" என்றார் இங்கபோர்க்.

திரும்பும் வழியில் ஜானி பாஷாவுக்குக் கழுத்துக்கு வேலையே இல்லை. பின்னால் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எதிராளி இவ்வளவு விட்டுக்கொடுத்தபிறகு நாம் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்காவிட்டால் அசிங்கம் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். கரையிலும் ஏரிக்குள்ளும் மரம் வேண்டாம் என்று இங்கபோர்க் சொல்ல, மேலே சரிவு முழுக்க உங்களுடையது, குழி வெட்ட என் ஆட்களைத் தருகிறேன் என்று நீல்ஸ் சொல்ல, திருவண்ணாமலைப் பெரிய தெரு வருவதற்குள் திட்டம் முடிந்துவிட்டது.

8

கட்டுரையாக இருந்தால் இங்கே முடித்திருக்கலாம். "இவ்வாறாகப் பன்னாட்டு ஒத்துழைப்பின் மூலம்—" என்று.

உடைப்பை அடைத்தார்கள். அடி அண்ணாமலையே கூடை தூக்கியது. தூர்வாரிய வண்டல் மண் அவரவர் நிலத்துக்குப் போயிற்று. சரிவில் நட்ட கன்றுகளுக்கு ஊரே முள் வேலி கட்டியது. ஐப்பசியில் மழை வந்தது, கார்த்திகையில் ஏரியில் தண்ணீர் நின்றது. சந்திரம்மாளின் புருஷன் பெங்களூரிலிருந்து வந்து, வீடு திறந்திருப்பதைப் பார்த்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நேராகச் சேற்றில் இறங்கினான்.

ஜானி பாஷா மட்டும் சரியில்லை. அன்றையிலிருந்து துபாஷி வேலையை விட்டுவிட்டார். வெள்ளைக்காரர்கள் கூப்பிட்டால் வண்டி வரும், வாய் வராது. "சரக்கு ஏத்தறதில்ல" என்பார். சந்திரம்மாள் ஒரு பரங்கிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாங்க மறுத்துவிட்டார்.

"நல்லதுதான பாய் நடந்துகீது?" என்றாள் அவள்.

"நல்லதுதான். அதான் ஒண்ணும் சொல்ல முடியல" என்றார்.

பரங்கிக்காயைப் பீபி ஜான் பின்பக்கமாக வாங்கிக்கொண்டாள். அவர் அதைச் சாப்பிட்டார். என்ன காய் என்று கேட்கவில்லை.

9

மாசி மாதம் நீல்ஸும் இங்கபோர்க்கும் கிளம்பினார்கள். ஊரைவிட்டு இல்லை, செங்கம் பக்கம் இன்னும் சில ஏரிகள் உடைந்து கிடந்தன, அவற்றை இரண்டு பேரும் சேர்ந்தே செய்வதாக ஏற்பாடு. அடி அண்ணாமலையில் வழியனுப்பு. தருமன் மறுபடியும் சோடா வரவழைத்தார். இந்தத் தடவை எல்லோரும் குடித்தார்கள்.

வண்டியில் ஏறப்போன நீல்ஸ் நின்றார். அவருக்குக் கொஞ்ச நாளாகவே ஒரு உறுத்தல். "நீங்கள் அன்றைக்கு ஒத்துக்கொண்டதால்தான்" என்று அவர் அம்மாளிடம் சொல்லும்போதெல்லாம் அம்மாள் விழித்தார். அம்மாள் அதையே சொன்னபோது இவர் விழித்தார். இப்போது ஜானி பாஷாவைப் பார்த்து ஏதோ கேட்டார். இங்கபோர்க்கும் கிட்டே வந்து ஏதோ கேட்டார்.

"இன்னா கேக்கறாரு?" என்றார் தருமன்.

ஜானி பாஷா துபாஷி வேலையை விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. சொல்லாமல் இருந்திருக்கலாம், ஊர் கட்டாயப்படுத்தியிருக்காது. அவர் ஊரைப் பார்த்தார். சந்திரம்மாளையும் பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் இறக்கினார்.

"அன்னிக்கி அந்தம்மா நெஜமாவே சரின்னாங்களான்னு அவரு கேக்கறாரு. அவரு சரின்னாரான்னு அந்தம்மாவும் கேக்கறாங்க."

தருமன் கையிலிருந்த சோடாவைக் கீழே வைத்தார்.

"ஏறுங்க" என்றார் ஜானி பாஷா, வெள்ளைக்காரர்களிடம்.

வண்டி கிளம்பியது. சந்திரம்மாள் வரப்பு வழியே ஓடிப்போய்த் தன் நிலத்தின் கடைசி மூலையில் நின்றுகொண்டாள். ரோடு அங்கே நிலத்தை ஒட்டித் திரும்பும். திருப்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கூட்டம் எதுவும் இல்லாத இடத்தில், வண்டி நின்றது. ஜானி பாஷா கடிவாளத்தைக் கீழே வைத்துவிட்டு முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் வாய் அசைந்தது. கொஞ்சநேரம் அசைந்தது. அவளுக்குக் கேட்கவில்லை.

என்ன சொன்னார் என்று நானும் எழுதிப் பார்த்தேன்.

"'ஆமாம் சார், சரின்னுதான் சொன்னாங்க' என்று ஜானி பாஷா—" அடித்தேன். இரண்டாவது பொய்யை அவர் வாயில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

"'எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் சொன்னது என் சரக்கு' என்று அவர் சொன்னதும் இருவரும்—" இருவரும் என்ன? சிரித்தார்களா? பேச்சு மறுபடி நின்றதா? நின்றிருந்தால் செங்கம் பக்கத்து ஏரிகளுக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அந்த ஊர்க்காரர்கள் யாரையும் எனக்குத் தெரியாது, கேட்கவும் போகவில்லை. போனால் கதை முடிந்துவிடும் என்ற பயம்தான்.

ஜானி பாஷாவைக் கேட்டேன். "நீங்க எழுதறவரு, நீங்களே எழுதிக்குங்க" என்றார். என்னால் அது ஆகவில்லை. ஆகவே உங்களிடம் தருகிறேன். வண்டி நின்றிருக்கிறது, அவர் திரும்பி உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பேரும் காத்திருக்கிறார்கள். என்ன சொல்ல வேண்டுமோ சொல்லவையுங்கள். உண்மையைச் சொல்லவைத்தாலும் சரி, பொய் சொல்லவைத்தாலும் சரி, இருமவைத்தாலும் சரி.

ஒன்று மட்டும். சந்திரம்மாள் நின்றிருந்தாளே அந்த மூலை, அங்கே நெல் அப்போது பால் பிடித்திருந்தது. அதை மாற்றிவிடாதீர்கள்.